வி8 காரில் ஏர் ஃபில்டரும் இன்டேக்கும் மாற்றிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டொங்காட் பக்கங்களில் நம்மவர் வீட்டு கராஜ்களில் நிற்கும் வி8 (எட்டு சிலிண்டர்) கார்களை, இன்டேக் (எஞ்சினுக்குக் காற்று போகும் வழி) மாற்றும் இந்த வேலையைப் பொறுத்தவரை, இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முதல் வகை கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்) வண்டிகள்: பேசில் கிரீன் 302 கன அங்குல ஃபோர்டு எஞ்சினைப் பொருத்தி உருவாக்கிய கேப்ரி பெரானா, 1973இல் பந்தயத் தகுதிக்காக நூறு வண்டிகள் மட்டுமே தயாரான ஷெவர்லே ஃபிரென்சா கேன்-ஆம் போன்ற அபூர்வங்களும், அவற்றைப் பார்த்து ஆசைப்பட்டுப் பின்னாளில் வி8 மாற்றிய சாதாரண வண்டிகளும் இதில் அடங்கும். இரண்டாவது வகை கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் வண்டிகள்: 5.7 லிட்டரிலும் பிறகு 6.0 லிட்டரிலும் வந்த லூமினா எஸ்.எஸ்., வலப்பக்க ஸ்டியரிங்கோடு அண்மை ஆண்டுகளில் விற்பனைக்கு வந்த 5.0 லிட்டர் மஸ்டாங். ஒரே அறிகுறிக்கு இவ்விரு வகைகளிலும் காரணம் வேறு வேறாக இருக்கும் என்பதால், ஒன்றுக்குச் சொன்ன மருந்தை மற்றதற்குக் கொடுக்கக் கூடாது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் படி ஒன்றுதான். கழற்றி வைத்த பழைய ஃபில்டர் பெட்டியையும் பழைய குழாயையும் அப்படியே திரும்பப் பொருத்தி, அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் காரணம் புதிய பாகத்தில் இருக்கிறது. மறையாவிட்டால், பிளக்கிலோ பெட்ரோல் பம்பிலோ முன்பே இருந்த பழுது இப்போதுதான் உங்கள் கவனத்துக்கு வந்திருக்கிறது. அரை மணி நேர வேலையான இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு வாரக்கணக்கில் சென்சார்களை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் பலர். ஆகவே, புதிய கிட் வந்த அன்றே பழைய பெட்டியை விற்றுவிட வேண்டாம்.

ஆக்ஸிலரேட்டரை விட்டும் ரெவ் (எஞ்சின் சுழலும் வேகம்) இறங்கவில்லை, அல்லது பானெட் மூடவில்லை

இது ஆபத்தான அறிகுறி என்பதால் முதலில் சொல்கிறேன். கார்புரேட்டர் வண்டிகளில், பானெட்டுக்குக் கீழே இடம் போதவில்லை என்று நடுப்பகுதி தாழ்ந்த அடித்தட்டு கொண்ட ஏர் கிளீனரைப் பலர் வாங்குகிறார்கள். அந்தத் தட்டின் விளிம்பு த்ராட்டில் (காற்று வரத்தைத் திறந்து மூடும் கதவு) லிங்கேஜிலோ சோக் கம்பியிலோ உரசலாம். எஞ்சினை அணைத்து, ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலை முழுவதும் அழுத்தி விட, மற்றவர் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் இருந்து பார்க்க வேண்டும். உரசல் தெரிந்தால் தட்டைச் சுத்தியலால் தட்டிச் சமாளிக்காமல், கார்புரேட்டர் வாய்க்கு மேல் வைக்கும் உயர்த்தி வளையம் ஒன்றைப் போட வேண்டும். மேலே இடம் இருக்கிறதா என்று அறிய, மூடியின் மேல் நான்கு இடங்களில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி வைத்துப் பானெட்டை மெல்ல மூடித் திறந்தால், நசுங்கிய களிமண்ணின் தடிமனே மீதமிருக்கும் இடைவெளி. எஞ்சின் முறுக்கும்போது அதன் மவுண்டிங் அசையும் என்பதால், அரை அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் எனக்குத் திருப்தி இராது.

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. கலவை லீன் (பெட்ரோல் குறைவு) என்று பிழைக் கோடு (code) வருகிறது

கம்ப்யூட்டர் வண்டிகளில் மிக அதிகமாக வரும் புகார் இதுதான். இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்கேனரில் பி0171, பி0174 என்ற இரண்டும் சேர்ந்து வந்தால், எஞ்சினின் இரு பக்க சிலிண்டர் வரிசைகளிலும் காற்று அதிகமாகவோ பெட்ரோல் குறைவாகவோ இருக்கிறது என்று பொருள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் கெட்டிருப்பதால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான், அதாவது இன்டேக் குழாயிலோ காற்றளவு சென்சாரிலோ பெட்ரோல் அழுத்தத்திலோதான் காரணத்தைத் தேட வேண்டும்.

காற்றளவு சென்சாருக்குள் தலைமுடி போல மெல்லிய சூடான கம்பி ஒன்று இருக்கிறது. அதைக் கடந்து செல்லும் காற்று எவ்வளவு வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்பதை வைத்தே உள்ளே போகும் காற்றின் எடையைக் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கைக் கெடுக்கும் வழிகள் பொதுவாக மூன்று.

முதலாவது எண்ணெய். துவைத்து மறுபடி பயன்படுத்தும் பருத்தி ஃபில்டரில் தேவைக்கு மேல் எண்ணெய் ஊற்றினால், அது காற்றோடு போய்க் கம்பியில் படிந்து, தூசியையும் பிடித்துக்கொண்டு ஒரு போர்வையாகிவிடுகிறது. கம்பி குளிர்வது குறைய, காற்றும் குறைவு என்று கம்ப்யூட்டர் எண்ணிப் பெட்ரோலைக் குறைக்கிறது. சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் கம்பியில் பழுப்புப் படலம் தெரியும். இதற்கென்றே விற்கும் காற்றளவு சென்சார் ஸ்ப்ரேயை மட்டும் பயன்படுத்துங்கள். பிரேக் கிளீனர் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், பஞ்சு வைத்துத் துடைத்தால் கம்பி அறுந்துவிடும். முழுவதும் உலர்ந்த பிறகே திரும்பப் பொருத்த வேண்டும். ஃபில்டரைத் துவைக்கும்போது உள்ளிருந்து வெளிப்பக்கமாக நீர் விட்டு, நிழலில் உலர்த்தி, மடிப்பு ஒவ்வொன்றின் முகட்டிலும் ஒரே ஒரு கோடாக எண்ணெய் விட்டால் போதும். சற்று நேரத்தில் அது தானே பரவும். பரவாத வெளிர் இடங்களில் மட்டும் ஒரு துளி சேர்க்கலாம்.

இரண்டாவது குழாயின் விட்டம். பெரிய குழாய் நல்லது என்று எண்ணி, 85 மில்லிமீட்டர் வழியில் இருக்க வேண்டிய சென்சாரை 100 மில்லிமீட்டர் குழாயில் பொருத்தினால், குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 38 சதவீதம் கூடுகிறது. அதே அளவு காற்று இப்போது மெதுவாகக் கம்பியைக் கடப்பதால், சென்சார் உண்மையில் போகும் காற்றில் சுமார் 72 சதவீதத்தையே காட்டும். மெதுவாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துக் கம்ப்யூட்டர் ஓரளவு திருத்திக்கொள்ளும். ஆனால் பெடலை முழுவதும் மிதித்தால், பெரும்பாலான வண்டிகளில் அந்த உடனடித் திருத்தம் நின்று, சென்சார் சொன்ன கணக்கே அடிப்படையாகிவிடும். பிஸ்டன் உருகும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. விட்டம் மாறும் கிட் வாங்கினால், அதற்கேற்ப டியூன் செய்யாமல் முழு வேகத்தில் ஓட்டக் கூடாது. டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் மேடை) வைட்பேண்ட் (காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும்) கருவி வைத்துப் பார்க்கும்போது, டர்போ இல்லாத பெட்ரோல் வி8இல் முழு த்ராட்டிலில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.5க்கும் 13க்கும் இடையே நின்றால் பெரும்பாலும் பாதுகாப்பு. 14ஐ நெருங்கினால் அங்கேயே ஓட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சென்சார் வளைவுக்கு மிக அருகில் அமர்வது, அல்லது அதன் முன்னிருந்த தேன்கூடு வலையைத் தடை என்று நினைத்து எடுத்துவிடுவது. அந்த வலை இருப்பதே சுழலும் காற்றை நேராக்கத்தான். அதை எடுத்தால் கூடும் பவரைவிடக் கெடும் கணக்கே அதிகம்.

மூன்றில் எது, அல்லது வேறெதாவது கசிவா என்பதை ஸ்கேனரில் ஃப்யூல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்) பார்த்துப் பிரிக்கலாம். ஐட்லிங்கில் (பெடலை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) ட்ரிம் கூடுதலாக, சொல்லப்போனால் 15 அல்லது 20 சதவீதம் இருந்து, 2500 ரெவ்வில் சாதாரண நிலைக்கு இறங்கினால், சென்சாருக்குப் பிந்தைய இடத்தில் காற்று கசிகிறது. கசிவின் அளவு மாறாமல் மொத்தக் காற்று கூடும்போது அதன் பங்கு குறைவதால்தான் இப்படி இறங்குகிறது. மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து வேகமும் சுமையும் கூடக் கூட ட்ரிம் ஏறினால், சென்சார் குறைத்துச் சொல்கிறது, அல்லது பெட்ரோல் அழுத்தம் போதவில்லை. பழைய குழாயைத் திரும்பப் போட்டும் ஏறினால், பெட்ரோல் பக்கம் போங்கள்.

பி0113 என்ற கோடு தனியாக வந்தால் பதற வேண்டாம். காற்றின் வெப்பநிலையைக் காட்டும் சென்சாரின் கனெக்டரைத் திரும்ப மாட்ட மறந்திருப்பீர்கள், அல்லது அதன் வயர் புதிய குழாய்க்கு எட்டாமல் இழுபட்டிருக்கும்.

ஐட்லிங் ஏறி இறங்குகிறது, சிக்னலில் எஞ்சின் அணைகிறது

கசிவை முதலில் சந்தேகியுங்கள். சிலிகான் ஹோஸில் கிளாம்ப் விளிம்பை ஒட்டி இருந்தால், நின்றிருக்கும்போது இறுக்கமாகத் தோன்றினாலும் எஞ்சின் அசையும்போது வாய் திறக்கும். கிளாம்பைக் குழாயின் மேட்டு வளையத்துக்கு உள்பக்கமாகத் தள்ளி இறுக்க வேண்டும். புகை விட்டுக் கசிவு பார்க்கும் கருவி உள்ள பட்டறையில் பத்து நிமிட வேலை. சூடான எஞ்சின்மேல் எரியக்கூடிய ஸ்ப்ரேயை அடித்துக் கசிவு தேடும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. ஹோஸ் மூட்டுகளில் தண்ணீரை மெல்லிய தூறலாக அடித்து ஐட்லிங் மாறுகிறதா என்று பார்த்தாலே பெரிய கசிவுகள் தெரிந்துவிடும்.

அடுத்து, வால்வ் கவரிலிருந்து இன்டேக் குழாய்க்கு வரும் மூச்சுக் குழாய். இதை எடுத்துவிட்டு வால்வ் கவரில் குரோம் பூசிய குட்டி ஃபில்டர் ஒன்றைச் செருகுவது பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் காற்றளவு சென்சார் உள்ள வண்டியில், அந்தக் குட்டி ஃபில்டர் வழியாக நுழையும் காற்று கணக்கில் வராமல் பி.சி.வி. வால்வ் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் வால்வ்) வழியே எஞ்சினுக்குள் போய்விடுகிறது. மூச்சுக் குழாய் சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் இடையில்தான் சேர வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் இதனால் கலவை கெடாது. ஆனால் குட்டி ஃபில்டரைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும், பானெட்டுக்குள் ஆவி நாற்றமும் சேரும்.

கார்புரேட்டர் வண்டியில் வேக்யூம் கேஜ் (எஞ்சின் உறிஞ்சும் வலுவைக் காட்டும் மானி) ஒன்றை மாட்டிப் பாருங்கள். கடல் மட்டத்தில், பந்தயத்துக்கென மாற்றாத, மிதமான கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) உள்ள எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை நிலையாகக் காட்டும். முள் தாழ்ந்து நிலையாக நின்றால் கசிவோ இக்னிஷன் டைமிங்கோ (பிளக் பொறி விடும் நேரம்) காரணமாக இருக்கலாம். சீராகத் துடித்தால் ஏர் ஃபில்டரை விட்டு வால்வுகளைப் பாருங்கள்.

காலையில் நன்றாக இழுக்கிறது, டிராஃபிக்கில் நின்ற பிறகு சோர்ந்துவிடுகிறது

காற்று சூடாகிறது என்பதே பெரும்பாலும் காரணம். 30 டிகிரிக் காற்றுக்குப் பதிலாக 60 டிகிரிக் காற்றை எஞ்சின் குடித்தால் அதன் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. சிறந்த ஃபில்டர் தரும் ஆதாயத்தைப்போல் பல மடங்கு இங்கேயே போய்விடும். கம்ப்யூட்டர் வண்டியில், சூட்டைக் கண்டதும் நாக்கிங் (சிலிண்டரில் கலவை தாறுமாறாக வெடிப்பது) வராமல் இருக்க இக்னிஷன் டைமிங்கும் பின்வாங்கப்படும். மூடியில்லாமல் எஞ்சினுக்கு அருகே திறந்து நிற்கும் கூம்பு ஃபில்டர்தான் இதில் முதல் குற்றவாளி. டர்பன் கோடையில் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும்: 30 டிகிரியில், ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால், நீங்கள் இழுக்கும் காற்றில் மூன்று சதவீதத்துக்கு மேல் வெறும் நீராவி. அதை ஒன்றும் செய்ய முடியாது, சூட்டைக் குறைக்கலாம்.

ஸ்கேனரில் இன்டேக் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். வண்டி நகரத் தொடங்கிச் சில நிமிடங்களில் அது வெளி வெப்பநிலையைவிடப் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் இறங்கினால் பரவாயில்லை. இறங்கவே இல்லை என்றால், ஃபில்டரைச் சுற்றித் தடுப்புப் பெட்டி வேண்டும். அதன் மேல் விளிம்பு ரப்பர் பட்டை பானெட்டைத் தொட வேண்டும். முன்பக்கத்திலிருந்து காற்று வரும் வழி அடைபடாமல் இருக்க வேண்டும். இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கென்று வந்த கிட்டில் இந்தப் பெட்டி நம் வண்டிகளின் பிரேக் பூஸ்டரிலோ வயரிங்கிலோ இடிப்பதுண்டு. அப்போது பெட்டியை வெட்டி ஓட்டை விட்டுவிட்டால், அது பெட்டி இல்லாததற்குச் சமம்.

பழைய வண்டியில் கம்பெனி ஏர் கிளீனரின் மூக்குக் குழாயை ஒருமுறை திறந்து பாருங்கள். குளிர் நாட்டுக் காலை நேரங்களுக்காக, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து சூடான காற்றை எடுக்க ஒரு மடிப்புக் கதவு சிலவற்றில் உண்டு. அது சூட்டுப் பக்கமே சிக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நின்றிருந்தால், புதிய ஃபில்டர் வாங்காமலேயே பவர் திரும்பிவிடும்.

கார்புரேட்டர் வண்டி உயர் ரெவ்வில் திணறுகிறது. ஃபில்டரை எடுத்தால் சரியாகிறது

ஃபில்டர் சிறியதா, மூடி தாழ்ந்ததா என்று பிரித்தறிய வேண்டும். ஃபில்டரின் பரப்பைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு: கன அங்குலத்தில் எஞ்சின் அளவை உச்ச ரெவ்வால் பெருக்கி 20,839ஆல் வகுத்தால், தேவையான பரப்பு சதுர அங்குலத்தில் கிடைக்கும். 350 எஞ்சின் 5500 ரெவ் போனால் சுமார் 92 சதுர அங்குலம். 14 அங்குல விட்டமும் 3 அங்குல உயரமும் கொண்ட வட்ட ஃபில்டரின் வெளிப்பரப்பு ஏறக்குறைய 132, தாராளம். குரோம் பளபளப்புக்காக வாங்கும் ஆறரை அங்குல விட்டம், 2 அங்குல உயர ஃபில்டரில் 41 மட்டுமே. அது காட்சிக்கு உரியது.

பரப்பு போதுமானதாக இருந்தும் திணறினால் மூடியின் உயரத்தை அளந்து பாருங்கள். ஹோலி வகைக் கார்புரேட்டரில் மேலே நீண்டு நிற்கும் இரண்டு காற்றோட்டக் குழாய்கள், மிதவைக் கிண்ணத்துக்குள் இருக்கும் பெட்ரோலின் மேல் அழுத்தத்தைச் சமன் செய்கின்றன. மூடி அவற்றின் வாயை நெருங்கினால் கிண்ணத்தின் அழுத்தம் குலைந்து கலவையும் தடுமாறும். குழாய் வாயை அடைத்த மூடியின் அடிப்பக்கத்தில் தடங்கள் பதிந்திருக்கலாம், பாருங்கள். கார்புரேட்டர் வாய்க்கும் மூடிக்கும் இடையே ஒன்றரை அங்குலமாவது இருக்கட்டும். விங் நட்டை முழு வலுவோடு இறுக்கி மூடியைக் குழிவாக்கியவர்கள், மாற்று மூடி வாங்குவதைத் தவிர வழியில்லை.

சத்தம் கூடியது, டைனோவில் ஒன்றும் கூடவில்லை

இது கோளாறே அல்ல. பெரும்பாலான வண்டிகளில் இயல்பான விளைவு. உறிஞ்சும் ஒலி பெருகும்போது வேகம் பெருகியதுபோல் தோன்றும். பழைய பெட்டி உண்மையில் எவ்வளவு தடுத்தது என்பதை வீட்டிலேயே அளக்கலாம். ஒளி புகும் பிளாஸ்டிக் குழாயை ஒரு மீட்டர் உயரமுள்ள ‘ப’ வடிவில், வாய் மேல்நோக்கி இருக்குமாறு பலகையில் கட்டி, பாதிவரை வண்ண நீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையே உள்ள துவாரத்தில் மாட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் பலகையைப் பிடித்துக்கொள்ள, போக்குவரத்தில்லாத இடத்தில் இரண்டாம் கியரில் முழு த்ராட்டில் கொடுத்தால், இரு பக்க நீர்மட்டங்களின் வேறுபாடே தடை. 4 அங்குல நீர் ஒரு கிலோ பாஸ்கல். கடல் மட்டக் காற்றழுத்தம் 101 கிலோ பாஸ்கல். ஆகவே 4 அங்குலம் காட்டினால், ஃபில்டரையே எடுத்துவிட்டாலும் கிடைக்கக்கூடியது ஒரு சதவீதம் அளவுதான். 10 அங்குலத்தைத் தாண்டினால் புதிய இன்டேக்குக்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு.

ஃபில்டருக்குப் பின்னால் கருப்புத் தூள்

டொங்காட், வெருலம் பக்கம் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நீளும் கரும்பு வெட்டுக் காலத்தில், கரும்புத் தோட்டத்தை எரிக்கும் நாளில் கொடியில் காயும் துணியில் விழும் சாம்பல், பானெட்டுக்குள்ளும் போகிறது. வெள்ளைத் துணியால் ஃபில்டருக்குப் பிந்தைய குழாயின் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். தூள் ஒரே பக்கத்தில் கோடாக இருந்தால் விளிம்பு சரியாக அமரவில்லை. ஃபில்டர் விளிம்பில் கிரீஸ் மெல்லிதாகத் தடவிப் பொருத்துங்கள். எல்லாப் பக்கமும் சீராகப் படிந்திருந்தால் ஃபில்டரே விடுகிறது. அந்தப் பக்கங்களில் தினமும் ஓடும் வண்டிக்கு நான் நல்ல காகித ஃபில்டரையே சொல்வேன்.

ஜோகன்னஸ்பர்க் போனதும் சக்தியில்லை, புகை கருக்கிறது

சுமார் 1750 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 83 கிலோ பாஸ்கல் அளவே; டர்போ இல்லாத எஞ்சின் 18 சதவீதம் போல் இழப்பது இயற்கை, இன்டேக்கின் குற்றமல்ல. வேக்யூம் கேஜும் ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் வீதம், மொத்தம் ஐந்தாறு அங்குலம் குறைத்தே காட்டும். கம்ப்யூட்டர் வண்டி தானே சரிசெய்துகொள்ளும். டர்பனில் டியூன் செய்த கார்புரேட்டர் அங்கே ரிச்சாகும் (பெட்ரோல் அதிகமாகும்). இரண்டாயிரம் அடிக்கு ஒரு ஜெட் (பெட்ரோல் வரத்தை அளவிடும் துளை) அளவு என்ற வழக்குப்படி மூன்று அளவு குறைக்கலாம். திரும்பி வரும்போது, வான் ரீனன் கணவாயிலிருந்து இறங்கும் முன்பே பழைய ஜெட்டை மாற்றிவிட வேண்டும். கடலோரத்தில் சிறிய ஜெட்டோடு முழு வேகம் போனால் லீன் ஆகும். அங்கே எடுத்த டைனோ தாளையும் இங்கே எடுத்ததையும் ஒப்பிடுவதாக இருந்தால், திருத்தம் சேர்த்த எண்ணா, சேர்க்காத எண்ணா என்று முதலில் கேளுங்கள்.

மழைநீரில் ஓட்டியதும் எஞ்சின் சட்டென்று நின்றுவிட்டது

குளிர்ந்த காற்றுக்காக பம்பருக்குள் தாழ இறக்கிய ஃபில்டர், தேங்கிய நீரில் மூழ்கினால் நீரையே உறிஞ்சும். 2022 ஏப்ரல் வெள்ளத்தைக் கண்ட நகரில் இது ஏட்டளவிலான ஆபத்து அல்ல. நீர் சுருங்காது, சிலிண்டரில் நீர் இருக்கும்போது ஸ்டார்ட்டரைத் திருப்பினால் கனெக்டிங் ராட் வளையும். எனவே சாவியைத் தொடாமல் பேட்டரியைக் கழற்றி, ஃபில்டரையும் குழாயையும் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி நீரை வெளியேற்றுங்கள். எங்காவது தடுத்தால் அதோடு நிறுத்தி வண்டியை இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். தடையில்லாமல் சுற்றினால் எண்ணெய்க் கோலைப் பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதை மாற்றி, உலர்ந்த ஃபில்டர் போட்டு, அதன் பிறகே பிளக்குகளை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம்.